முகூர்த்தப் புடவையில் துப்பாக்கி எண்ணெய்

ஏங்க,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. வேப்பிலை, பட்டு, அவற்றுக்கு அடியில் உங்கள் துப்பாக்கி எண்ணெய். இந்த மூன்றும் கலந்த வாசனை ஆரணியில் வேறெந்த வீட்டிலும் இருக்காது. நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே நின்றேன்.

பட்டாளத்தில் ஓய்வு பெற்று வந்து நகைக்கடை வாசலில் காவலுக்கு நின்றீர்கள். அதற்கென்று லைசென்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கியும் பட்டாளம் கழித்துவிட்ட பழசுதான். "ரெண்டு பேரும் பென்ஷன் பார்ட்டிங்க" என்று சிரிப்பீர்கள்.

என் தறிக்கு ஈரம் வேண்டும். வெயில் ஏறினால் இழை அறும் என்று தரையில் தண்ணீர் தெளிப்பேன். உங்கள் துப்பாக்கிக்கோ ஈரமே ஆகாது. ஆரணிக்குப் பக்கத்தில், சேவூரில் இந்தச் சின்ன வீட்டுக்குள் இரண்டையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினோம். "நீ தண்ணி தெளிச்சிகினே இரு, இது துருப்புடிச்சிகினே இருக்கட்டும்" என்பீர்கள். "அப்போ அதையே கட்டிகினு இருந்திருக்கலாமே" என்பேன் நான்.

துப்பாக்கி மூலையில் பூட்டிய டிரங்குப் பெட்டியில் இருக்கும். குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டை மட்டும் கழற்றித் தனியாக வைப்பீர்கள். வீட்டிலேயே காய்ந்த இடம் நான் நெய்து முடித்த புடவைகள் இருக்கும் பீரோதான் என்று கண்டுபிடித்து, அதையும் பிடித்துக்கொண்டீர்கள். பீரோ சாவி என் இடுப்பில். "ஏம்மா, போல்ட்ட எடு, ஜல்தி" என்று தினம் காலையில் நிற்பீர்கள். நான் எடுத்துக் கொடுத்தால்தான் உங்களுக்கு டியூட்டி.

ஒருநாள் போல்ட்டில் எண்ணெயை அதிகம் தடவி, அதை ஒற்றைத் துணியில் சுற்றி, அரக்கு நிற முகூர்த்தப் புடவைமேல் வைத்துவிட்டீர்கள். முந்தியில் எட்டணா அகலத்துக்குக் கறை. "இன்னாங்க இது, கல்யாணப் பொண்ணு இதையா கட்டிகினு மணவறைல உக்காரும்?" என்று கத்தினேன். நீங்கள் பரேடில் நிற்பதுபோல விறைத்து நின்றீர்கள். நெய்யக் கொடுத்த முதலாளி புடவையைத் திருப்பிவிட்டார். "நீயே கட்டிக்கோம்மா, உனக்கு நல்லா இருக்கும்" என்றீர்கள். வீம்புக்கு நான் அதைக் கட்டவேயில்லை. பீரோவின் அடியில் போட்டேன்.

ஐப்பசி மழையில் உங்களை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: "துப்பாக்கி காஞ்சி இருக்குதா?" நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லையே என்று கோபம் வந்தது. இப்போது புரிகிறது. திரும்பி வந்து அதைத் தோளில் மாட்டுவோம் என்று நம்ப உங்களுக்கு அந்தக் கேள்வி வேண்டியிருந்தது.

தறியை நிறுத்தினேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. நீங்கள் செய்வதைப் பார்த்துப் பழகியபடி, கயிற்றில் துணியைக் கட்டித் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டு இழுத்தேன். முதலில் காய்ந்த துணி, பிறகு எண்ணெய்த் துணி, தொட்டும் தொடாமலும். குழலில் கண்ணை வைத்து வாசல் வெளிச்சத்தைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. தறியில் இழைகள் அறுந்து தொங்கின. துப்பாக்கியைக் காப்பாற்றிவிட்டேன். உங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

சென்னையில் இருக்கும் பையன், "எனக்கு எதுக்கும்மா அது, ஸ்டேஷன்ல குடுத்துடலாம்" என்றான். நியாயம்தான். இன்று அவனோடு போய் ஒப்படைத்தேன். அந்த அரக்குப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். கறை தெரியும்படியே முந்தியைத் தோளில் போட்டேன்.

போலீஸ்காரர் குழலுக்குள் பார்த்தார். "பரவால்லியே, சுத்தமா கீது. யாரும்மா தொடைச்சது?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றேன். பையன் என் முகத்தைப் பார்த்தான்.

அதை உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்தார். அங்கே ஏற்கெனவே சில துப்பாக்கிகள் துருவேறிச் சிவந்துபோய் நின்றன. மழையில் ஊறிய சுவர். "அங்க ஈரமா கீதுங்க" என்றேன். "பாத்துக்கறோம்மா" என்றார். அதற்குமேல் எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அறுந்த இழைகளை முடிந்தேன். இனி இந்த வீட்டில் ஈரத்துக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. சொம்பில் தண்ணீர் எடுத்து, வீடு முழுக்கத் தெளித்தேன்.

பெட்டி இருந்த மூலையில் மட்டும் தெளிக்கவில்லை.