துரையின் போனுக்குள் போன கடிதம்

இன்று காலை எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு ஒரு புதிய கைத்தொலைபேசி தந்தார்கள். அலுவலக ஈமெயில் இனி அதிலும் வர வேண்டுமாம். முகவரியைக் கொடுத்தேன். கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அடுத்ததாக அது ஒன்று கேட்டது: போனுக்கு எடுத்த கடிதங்களின் பிரதியை மெயில் பெட்டியில் விட்டுவைக்கவா, அழித்துவிடவா? விரல் அங்கேயே நின்றுவிட்டது. விட்டுவை என்று அழுத்த எனக்கு வெகு நேரம் ஆயிற்று. இதே கேள்விக்கு ஒரு நாள் நீ வேறு பதில் கொடுத்தாய். அதற்கான தண்டனை முழுவதையும் நீயே வாங்கிக்கொண்டு போனாய். அது போய்ச் சேர வேண்டிய ஆள் வேறு.

நிவித்திகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நீ பெரிய கிளாக்கர். ஈமெயில் வந்த பிறகும் உனக்கு அது தபால்தான். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, வந்ததையெல்லாம் அச்செடுத்து, திகதி முத்திரை குத்தி, தபால் புத்தகத்தில் இலக்கம் போட்டு, தோட்ட மேனேஜரான துரையின் மேசைத் தட்டில் வைப்பாய். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் என்று நான் கேலி செய்வேன். நீ ஒருநாளும் அதை விட்டதில்லை.

துரை கொழும்பிலிருந்து ஈமெயில் வரும் போன் ஒன்றை வாங்கி வந்த அன்று நானும் உன் ஆபீஸில் இருந்தேன். தோட்டப் பாடசாலையின் கூரை பற்றி விசாரிக்க வந்திருந்தேன். துரை போனை உன் மேசையில் வைத்து, ஆபீஸ் ஈமெயிலை அதில் போட்டுத் தரச் சொல்லி, நல்ல தமிழிலேயே சொன்னார்: “நான் பார்த்த லெட்டர் அப்புறம் ஆபீஸ்ல கிடக்கக் கூடாது. கண்டவன் எல்லாம் வாசிக்கிறான்.”

“சரிங்க துரை” என்று, போன் அதே கேள்வியைக் கேட்டதும் நீ அழித்துவிடும் பதிலை அழுத்தினாய்.

அவர் வெளியே போனதும், “கண்டவன்னு ஒன்னையும் சேத்துத்தானே சொல்றாரு?” என்றேன்.

“போடா பேப்பர்காரா. கடுதாசின்னா ஒருத்தர் கையிலதான் இருக்கணும். துரை எடுத்துக்கிட்டா அப்புறம் தட்டுல என்னாத்துக்கு?”

தபால் தட்டோடு வாழ்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. துரையின் போன் முந்திக்கொண்டு எடுத்த எதுவும் அதன் பிறகு உன் கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை. அவர் சிக்னல் இல்லாத மலைப்பக்கம் நிற்கும்போது வந்தவை மட்டும் உனக்குக் கிடைத்தன. அவற்றை வழக்கம்போல அச்செடுத்தாய். ஏதோ குறைகிறது என்று உனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்பதே தொழிலாக வைத்திருக்கும் எனக்கும் தோன்றவில்லை.

மே மழைக்கு முன்னால், தொழிலாளர் குடியிருந்த கீழ் லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருப்பதை இரத்தினபுரியிலிருந்து வந்த அரசாங்க அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டுப் போனார். மழை தொடங்குவதற்குள் ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று தோட்டத்து முகவரிக்கு ஈமெயில் அனுப்பினார். எட்டாம் நாள் மலை சரிந்தது. கொழுந்து எடுக்கும் லெட்சுமியின் புருஷன், கடைசிக் காம்பிரா வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவர், மண்ணோடு போனார்.

எச்சரிக்கை வந்த செய்தி வெளியே தெரிந்து கம்பெனி விசாரணை வைத்தபோது துரை சொன்னது ஒரே வாக்கியம்: “தபால் பார்க்கிறது கிளாக்கர் வேலை, எனக்கு அவர் எதுவும் தரவில்லை.” தபால் புத்தகத்தைத் திறந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு இலக்கம் இல்லை. அதோடு உன் வேலை போனது, குவார்ட்டர்ஸ் போனது. நீ சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது லெட்சுமி லொறிக்கு முன்னால் வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

“எங்க ஆள மண்ணுக்குள்ள தள்ளினது நீங்கதான் கிளாக்கரையா. நல்லா இருப்பீங்களா?”

நீ தலை நிமிரவில்லை. கொடகவெலையில் உன் தங்கை வீட்டுக்கு நான் உன்னைப் பார்க்க வந்தபோது சொன்னாய்: “நான்தான் கவனிக்காம அழிச்சிருப்பேன் மச்சான். ரா பகலா யோசிச்சிட்டேன். வேற எப்புடி?” அதை நம்பிக்கொண்டே ஐந்து மாதத்தில் போய்விட்டாய். லயத்திலிருந்து ஒருவரும் சாவுக்கு வரவில்லை.

சுடலையிலிருந்து நேராக இரத்தினபுரிக்கு பஸ் ஏறினேன். துக்கம் என்னை அனுப்பவில்லை, ஆத்திரம் அனுப்பியது. அந்தச் சிங்கள அதிகாரி வியப்போடு பார்த்தார். “கிடைக்கலையா? எனக்கு அன்னைக்கே பதில் வந்திச்சே மாத்தயா. கம்பெனி விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடல” என்று அச்செடுத்துத் தந்தார். ‘பார்த்தேன். கொழுந்து எடுத்து முடியட்டும், பிறகு பார்ப்போம்’ என்று துரை பெயரில் இரண்டு வரி. அதன் அடியில், கைத்தொலைபேசியிலிருந்து அனுப்பப்பட்டது என்று அந்த போன் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வரி. அப்படி ஒரு வரி போவதே துரைக்குத் தெரிந்திருக்காது. உன் ஆபீஸில் அந்த போனை யார் யாருக்காக, எந்தக் கட்டளையோடு ஆயத்தம் செய்தார் என்பதைக் கண்ணால் பார்த்த சாட்சி நான்.

எழுதினேன். ஒரு வசைச் சொல் சேர்க்கவில்லை. நேரம், திகதி, வாக்கியம், அவ்வளவுதான். கம்பெனி அவரை நீக்கியது. எனக்கு அது போதவில்லை. பத்திரிகை வாசிக்காதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கே போய், வேலைக்குக் கிளம்ப நின்றவர்கள் முன்னால் அந்த இரண்டு வரியையும் வாசித்தேன்.

“இன்னொருக்கா வாசிங்க” என்றாள் லெட்சுமி. வாசித்தேன். அவள் கூடையை இறக்கி வைத்தாள். “கொழுந்து எடுத்து முடியட்டும்னா? நான் அன்னைக்கு அந்தக் கொழுந்துதானேங்க எடுத்துக்கிட்டிருந்தேன்.” அப்புறம் கேட்டாள்: “கிளாக்கரையாவோட தங்கச்சி வீடு எங்கனங்க இருக்கு? போய் ஒரு வார்த்த சொல்லணும்.” அடுத்த ஞாயிறு பதினாறு பேர் கொடகவெலைக்கு வந்தார்கள். நீ அங்கே இல்லை. அதற்காகவும் துரையை நான் மன்னிக்கவில்லை.

போன மாதம் அவர் என்னை போனில் கூப்பிட்டார். குரல் தளர்ந்திருந்தது. “போதாதா மிஸ்டர்? வேலை போச்சு. பிள்ளைங்க வெளியில தலை காட்ட முடியல. கிளாக்கரும் செத்துப் போயிட்டான். இதோட விடுங்க.”

“நான் எழுதினதுல பிழை இருந்தா சொல்லுங்க. நாளைக்கே திருத்தம் போடுறேன்.”

நான் பேனாவோடு காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் பழகிய வேலை.

“பிழை இல்ல” என்றார்.

எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பேட்டை இப்போது எங்கே போனாலும் பையில் கொண்டு போகிறேன். வழக்கப்படி எழுதியதை அவருக்குத் திரும்ப வாசித்துக் காட்டினேன். சரிதானா என்று கேட்டேன்.

“சரி” என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.