ஆன்டிபாடி விடாத ஸ்லைடு

இன்று காலை என் ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஐஸ் பெட்டியைப் பிரித்ததும் உள்ளே அதே சிறு குப்பி. மனித நாக்கில் கசப்பை உணரும் புரதமான ஏற்பியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி. கோவில்பட்டியில் நாம் ஒரு சொட்டுச் சிந்தாமல் செலவழித்தது. உடனே போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்து, "சொல்லும்மா" என்றார். அப்போதுதான் உறைத்தது. போன மாதம் உன்னை வழியனுப்பிவிட்டு வந்தவள்தானே நான். போனை வைத்துவிட்டேன். குப்பியை இன்னும் உள்ளே எடுத்துவைக்கவில்லை.

இந்தக் குப்பி இப்படி என்னை உலுக்கிய இன்னொரு நாள், நான் உன் பக்கத்தில் நின்ற நாள்.

அது இரண்டாயிரத்துச் சொச்சமாவது வருஷம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கரிசல் மண்ணின் பாக்டீரியா, உனக்கு மனிதர்களின் நாக்கு. கசப்பு அதிகம் தெரிகிறவர்களின் நாக்கில் அந்த ஏற்பியும் அதிகம் இருக்குமா என்பது உன் கேள்வி. ஜூன் மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் அங்கேயே விரிவுரையாளர் வேலை உனக்கு என்று சொல்லியிருந்தார்கள். நாகலாபுரத்தில் மழை ஏமாற்றிய மிளகாய்க் காட்டைப் பார்த்துக்கொண்டு, உன் அப்பா அந்த ஜூனை நம்பித்தான் இருந்தார்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் பெண்களைச் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக உட்காரவைப்போம். ஆளுக்கு ஒரு மடக்கு நிலவேம்புக் கஷாயம். எவ்வளவு கசப்பு என்று கேட்டுவிட்டு, நாக்கைக் குச்சியால் மெல்லச் சுரண்டி ஸ்லைடில் தேய்ப்பாய்.

"ஏட்டிகளா, இம்புட்டுப் படிச்சுட்டு எங்க நாக்கையா சொரண்டுதீய?"

"நல்லா நீட்டுங்க மதினி. கசக்குதா?"

"எம் மாமியா பேச்சுக்கு இது கல்கண்டு."

ஆன்டிபாடி ஏற்பியைப் பிடித்த இடம் பழுப்பாகத் தெரியும்படி கடைசியில் ஒரு கரைசல் விடுவாய். முகம் சுளித்தவர்களின் ஸ்லைடுகள் அடர்பழுப்பு. கசக்கவில்லை என்றவர்களுடையவை வெளுப்பு. நீ நினைத்தது அப்படியே வந்திருந்தது. உன் ஆய்வு வழிகாட்டி சார் உன் அப்பாவுக்கே போன் போட்டுச் சொன்னார்.

ஒப்பிட்டுக் காட்ட, ஆன்டிபாடி விடாத ஸ்லைடு ஒன்றின் படமும் வேண்டும். நிறமே வராத ஸ்லைடுக்கு என்ன அவசரம் என்று அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தோம். ஒரு நாள் மத்தியானம் கரைசலை மட்டும் விட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்த நீ நிமிரவேயில்லை.

"ஏட்டி, இங்கன வந்து பாரு."

அடர்பழுப்பு.

ஸ்லைடு மாறியிருக்கும், எதுவோ கலந்திருக்கும் என்று உளறினேன். நீ ஒரு புதுக் கண்ணாடியை எடுத்து அதில் துப்பினாய். ஒரு சொட்டுக் கரைசல் விட்டாய். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழுப்பாகிக்கொண்டு வந்தது.

"எல்லாம் எச்சிலு, ஏட்டி" என்றாய். "அதுல இருக்க நொதியே கரைசலப் பழுப்பாக்குது. கசந்தவளுக்கு வாய் ஊறிருக்கு. ஊறினவளுக்கு நெறம் கூடிருக்கு. ஏற்பிய நாம பாக்கவே இல்ல."

வாய் ஊறும்படி கஷாயம் கொடுத்ததும் நாம்தான்.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்லைடைத் தள்ளிவைத்தார். "அந்த ஒரு ஸ்லைட விட்டுரும்மா. யாரு கேக்கப் போறா?"

"நான் கேட்டுட்டேனே சார்."

அந்த ஒரு வார்த்தையோடு ஜூன் போயிற்று. வேலை வேறொருவருக்கு. அதே பெண்களைக் கஷாயம் இல்லாமல் வாயைக் கொப்பளிக்கவைத்து, எச்சிலின் நொதியை முதலில் அடக்கிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்தாய். வித்தியாசம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதையே எழுதிக் கொடுத்தாய். பட்டம் தாமதமாக வந்தது. நீ பள்ளிக்கூட வேலைக்குப் போனாய். உன் அப்பா ரொம்ப நாள் உன்னோடு பேசவில்லை.

"வருத்தமா இல்லையாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கு. அப்பா மொகத்தப் பாக்கையில இருக்கு. ஸ்லைட நெனச்சா இல்ல."

மற்றவர்களுக்கு முடிவு பிசகினால் பதற்றம். எனக்கு, நினைத்தது நினைத்தபடி வந்தால்தான் பயம். என் மாணவிகள் சிரித்துக்கொண்டே படத்தை நீட்டும்போது நான் சிரிப்பதில்லை. சிடுமூஞ்சி என்று பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் பயம்தான் உன்னிடமிருந்து எனக்கு மிச்சம். நீ இறந்துவிட்ட செய்தி வந்தபோதும் முதலில் வந்தது அதுதான். எங்கோ தவறு நடந்திருக்கிறது, இன்னொரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். உன் வீட்டுக்காரர் அழுதுகொண்டே மறுபடியும் அதையே சொன்னார்.