நான் கொட்டிய பாயசம்

என் செல்லக் கனகாக்கா,

அங்கேயும் மத்தியானச் சமையல் முடிந்ததும் காலை நீட்டிக்கொண்டு கொலைக் கதைதான் படிக்கிறாயா? படி, படி. இங்கே ஆவடி குவார்ட்டர்ஸில் உன் எதிர்வீட்டுக்காரிக்குத்தான் பொழுதே போகவில்லை.

போன வாரம் திருமுல்லைவாயில் வாடகை நூலகத்தில் ஒரு நாவலைப் பிரித்தேன். நாற்பத்தோராம் பக்கத்து எண்ணுக்குக் கீழே உன் மைப்பொட்டு! படித்ததையே மறுபடி எடுத்து வரக் கூடாதென்று ஆளாளுக்கு ஓர் அடையாளம் வைப்போமே. நான் கடைசிப் பக்கத்தில் பூப் போடுவேன். நீ மட்டும் முதல் பிணம் விழும் பக்கத்தில் பொட்டு வைப்பாய். கடையிலேயே நின்று அழுதுவிட்டேன்.

"இன்னா விஜி, இதுல மூணு பொணம். சோக்கா கீது!" என்று படியேறும்போதே கத்துவாய். அதே நீதான் பொறியில் சிக்கிய எலியைக் கொல்ல மனசில்லாமல், தண்டவாளம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாய். "பாவம்டி, அதுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

இதெல்லாம் தெரிந்தும்தான் நான் அப்படிச் செய்தேன்.

உன் வீட்டுக்காரர் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். கீழ்வீட்டு மல்லிகா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாள். "அது படிக்கிறது பூரா வெசம் வெச்சிக் கொல்ற கதை. உன் பொண்ண அந்த ஊட்டுக்கு அனுப்பாத." சீ, வாயை மூடு என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா? என் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அவர் பிழைத்து வந்த சந்தோஷத்தில் நீ சேமியா பாயசம் கொண்டுவந்தாய். நீ நகர்ந்ததும் அதைக் குழாயடியில் கொட்டினேன். கிண்ணத்தை வாங்கிப்போக மறந்து நீ திரும்பி வருவாய் என்று யார் கண்டது? முந்திரிப் பருப்பெல்லாம் சாக்கடைச் சல்லடையில் தங்கி நின்றது. அதைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

பாடிப் பக்கம் உன் வீட்டுக்காரர் போன கல்யாணத்தில் சாப்பிட்ட இன்னும் நாலு பேருக்கும் அதே வாந்தி என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கே இன்னொரு கிண்ணத்தோடு வந்தாய். "நா மொதல்ல துன்றேன் பாரு. நா பூட்டேன்னா நீ துன்னாத!" என்று சிரித்தாய்.

அப்புறம் கேட்டாய்: "கொல கதை படிச்சா நா கொலகாரியா? அப்ப அழுவாச்சிக் கதையா படிக்கிறியே, நீ இன்னா தெய்வமா?"

கதையில் வரும் நல்ல மருமகள்களுக்காகப் பக்கம் பக்கமாகக் கண்ணீர் விட்டவள் நான். எந்தப் புண்ணியம் வந்து சேர்ந்தது? நீ புத்தகத்தை மூடியதும் கதையை விட்டு வெளியே வந்துவிட்டாய். அதிலிருந்த விஷத்தை எடுத்து உன் பாயசத்தில் போட்டது நானல்லவா?

இப்போது என் மகள் செல்வி கொலைக் கதையாக வாங்கி வருகிறாள். நேற்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே அவள் அப்பா, "இதெல்லாம் படிச்சா புத்தி கெட்டுடும்" என்றார். "அக்கா படிக்காததா? கெட்டது என் புத்திதான்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரிடம்கூட நான் சொன்னதில்லை.

உன்னிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது, அக்கா. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேனே, அது பொய். நீ முதல் வாயை விழுங்கும்வரை உன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் ஸ்பூனைத் தொட்டேன். உனக்குத் தெரிந்ததா? தெரிந்துதான் இரண்டாவது வாயும் சாப்பிட்டுக் காட்டினாயா? மன்னித்துவிடு, அக்கா.

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். உன் படத்துக்குப் படைக்க உன் வீட்டுக்காரரே பாயசம் வைத்து எல்லா வீட்டுக்கும் கொடுக்கப் போகிறாராம். நீ இருந்தவரை வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன்! அது கட்டியோ கஞ்சியோ, மல்லிகா பார்க்க, படிக்கட்டிலேயே நின்று முதல் வாயை நான் சாப்பிடுவேன். இது சத்தியம்.

நீ இரண்டாவது தடவை கொண்டுவந்த கிண்ணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில்தான் வாங்குவேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
விஜயா