காலி பீப்பாய்க்கு ஒரு சாட்சி

பெரியவளின் அம்மாவுக்கு,

நலம்தானே? முட்டிவலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டில் பெயிண்டர் எழுதுகிறார்.

பெரியவள் பிறந்து, வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன வருஷத்தை இன்று ஓர் அதிகாரி கிளறிவிட்டார். பயப்படாதே. சான்றிதழ் இல்லாத வெல்டர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், அவ்வளவுதான். சான்றிதழ் தருவதற்காக, நான் பற்றவைத்த தகட்டை வளைத்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட விழவில்லை. எனக்கு எழுத்து வராததால் கேள்விகளை வாயால் கேட்டார்.

"காலி டீசல் பீப்பாயில ஓட்டை. முதல்ல என்ன செய்வீங்க பெரியவரே?"

"மூடியைத் திறந்து, கழுவி, ஓட்டைக்குக் கீழ வரைக்கும் தண்ணி நிரப்புவேன். காலின்னு சொல்றதுலதான் ஆவி நிக்கும். பொறி பட்டா வெடிச்சிரும்."

"எங்க படிச்சீங்க?"

"படிக்கல சார், பார்த்தேன்."

அந்த வருஷம் இதே மாதிரி ஒரு பீப்பாய்க்கு நான் தண்ணீர் கேட்டதும் பட்டறை முதலாளி, "பீப்பாயைக் குளிப்பாட்டப் போறியாடா?" என்று சிரித்தார். நான் வேலையைப் போட்டுவிட்டு நடந்தேன். வாசலைத் தாண்டியதும் உள்ளே பீப்பாய் வெடித்தது.

அதிகாரிக்குத் திருப்திதான். ஆனால் அந்தப் பட்டறையில் என்னோடு வேலை செய்த ஒருவர் சாட்சிக் கடிதம் தரவேண்டுமாம். பத்து நாள்தான் கெடு. வாங்கி அனுப்பும்போது பேரன் படமும் வை. பழையது வியர்வையில் நைந்துவிட்டது. பெயிண்டருக்கு வேலைக்கு நேரமாகிறது.

யாரிடம் கேட்பாய்? முதலாளி அன்றே போனார். கூட வேலை பார்த்த நெட்டையன் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். இன்று உயிரோடிருப்பது, அன்று ஒரு கண்ணைப் பறிகொடுத்து, "தெரிஞ்சே எங்களை விட்டுட்டு ஓடினான்" என்று முப்பத்தைந்து வருஷமாக நம் வாசலை மிதிக்காத உன் அண்ணன் ஒருவர்தான்.