எழுநூற்றிருபது மீட்டர்

பெரம்பலூர் பஸ்ஸில் இன்று முன்சீட்டில் யாரோ புளிச்சோற்று டப்பாவைத் திறந்தார்கள். நீ கட்டி வரும் புளிச்சோற்றின் அதே நல்லெண்ணெய் வாசனை வந்ததும் எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்படுவது அழகில்லை என்று தெரியும். வந்தது, என்ன செய்ய?

பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்த அரியலூரிலிருந்து நாம் இதே பஸ்ஸில்தான் போவோம். நான் செந்துறையிலிருந்து வந்து சேர்வதற்குள் நீ எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாய். ஒரே பள்ளியில் இரண்டு இயற்பியல் டீச்சர்கள், பேச்சுக்குக் கேட்கவா வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரி ஏற்றத்தில் முக்கினால், ஒளி வேகத்தை நெருங்குகிற துகளும் இப்படித்தான் என்பாய். "தள்ளத் தள்ள சக்திய வாங்கிக்கும்டி, வேகம் மட்டும் அந்த எல்லைய தாண்டாது."

ஒரு வருஷம் என்னை முதன்மைத் தேர்வாளராகப் போட்டார்கள். என் மேசையில் திருத்திய ஆறு பேரில் நீயும் ஒருத்தி. நீ போடும் மார்க்கை நான் சரிபார்க்க வேண்டும். மூன்றாம் நாள் அந்த ஐந்து மார்க் கணக்கு வந்தது. வானத்தில் பிறக்கும் ஒரு துகள், ஒளியின் வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தில் வருகிறது. ஓய்வில் அதன் ஆயுள் மூன்று மைக்ரோ வினாடி. அழிவதற்குள் தரையிலிருப்பவர் கணக்கில் எவ்வளவு தூரம் வரும்? திருத்த நமக்குக் கொடுத்த விடைக் குறிப்பில், அந்தக் கீயில், இருந்தது ஒரே வழி. நமக்கு அதன் ஆயுள் ஐந்து மைக்ரோ வினாடியாக நீளும், அதனால் ஆயிரத்து இருநூறு மீட்டர்.

நீ திருத்திய ஒரு தாளில் ஒரு பிள்ளை துகளின் மேலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தது. துகளுக்கு ஆயுள் அதே மூன்றுதான், ஆனால் கடக்கும் வழி சுருங்கி எழுநூற்றிருபது மீட்டராகிவிடும். அதைத் தரையின் அளவுக்கு மாற்றினால் அதே ஆயிரத்து இருநூறு. நீ ஒரு பார்வை பார்த்து ஐந்தும் போட்டுவிட்டாய். எனக்குத் தனித்தாளில் இரண்டு தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. விளங்கிய பிறகும் நான்கை அடித்துவிட்டு, கடைசி விடைக்கு ஒன்று மட்டும் போட்டேன்.

"இது சரின்னு உனக்குத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு" என்றாய்.

கீயில் இல்லை, கீயில் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ போய் முகாம் அலுவலரைக் கூட்டி வந்தாய். அவருக்கு இயற்பியல் தெரியாது. மேசையில் எல்லாரும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கீயை விடுங்கள், வழி சரியா தப்பா என்று அவர் என்னிடம் நேராகக் கேட்டார்.

"தப்பு சார்" என்றேன்.

நீ சண்டை பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ தாளை எடுத்துக் கட்டோடு சேர்த்தாய். மீதி நாளெல்லாம் கீயில் உள்ளபடி அரை மார்க் பிசகாமல் திருத்தினாய். பஸ்ஸில் எனக்கு இடம் போடவில்லை.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. தா.பழூர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போனாய், என் போனை எடுக்கவே இல்லை. படுத்த படுக்கையாகிவிட்டாய் என்று கேள்விப்பட்டு ஏலாக்குறிச்சி வீட்டுக்கு வந்தேன். வாடி போடி என்று பேசிய அதே வாயால் "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாய். மழையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசினோம். வெளியே போ என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாலு நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் அவரவர் சரி, நம் பாடமே அதுதானே என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் நீ வழி வைக்கவில்லை. "ஆளுக்காள் நேரம் மாறும், நீளம் மாறும். துகள் தரைக்கு வந்துச்சா இல்லையாங்கறது யாருக்கும் மாறாது" என்று வகுப்பில் நீ போட்ட சத்தம் பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கும் கேட்டிருக்கிறது.

பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம், அதனால் பயந்துவிட்டேன் என்றுதான் கேட்டவர்களிடம் சொல்லி வந்தேன். தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை நானே நம்பவும் செய்தேன். பயமெல்லாம் ஒன்றுமில்லை. நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்ததை நீ ஒரு பார்வையில் கண்டுகொண்டாய். அது அந்த மேசைக்கே தெரிந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்திருந்தால், எங்கேயோ இருந்துகொண்டு, தன் கணக்கு தப்பென்று அது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும். சரி என்று அதற்காகச் சொன்னவள் நீ ஒருத்திதான்.