உதடு சேராத வசனம்

சிட்டு,

கிழித்துப் போடுமுன் ஒருமுறை படித்துவிடு.

இப்போதெல்லாம் தொடர்களில் வில்லனுக்கும் ஒரு நியாயம் வைக்கிறார்கள். அவன் ஏன் கெட்டான் என்று சொல்லவே பத்துப் பகுதி! என்னைப் போன்றவன் ஆசையாகப் பார்க்கலாம்.

நேற்று டப்பிங்கில் நான் குரல் கொடுக்கும் வில்லன், மகள் வீட்டு வாசலில் நின்று கெஞ்சினான். "கதவைத் திறம்மா" என்பதுதான் வசனம். நான் "கதவைத் திற சிட்டு" என்று அழுதுவிட்டேன்.

"யாரு சார் சிட்டு? உதடு சேரல, இன்னொரு தடவை போலாம்" என்று ஒலிப்பதிவாளர் அதை அழித்துவிட்டார்.

நீ விரும்பியவனோடு உன் கல்யாணம் நடக்கவிருந்த அன்று, உன்னைப் போகவிடாமல் அறைக்குள் பூட்டினேன். நீ கதறக் கதற டிவி சத்தத்தைக் கூட்டினேன். அதற்கு எந்தப் பகுதியிலும் நியாயம் கிடையாது.

இதை உன் வாசற்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கதவைத் தட்டியதும் உள்ளே நீ டிவி சத்தத்தைக் கூட்டியது கேட்டது.

உன் அப்பா