உன் அண்ணன் ஊற்றிய ஒயின்

நேற்று கட்டியிருந்த சேலையை வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன். முந்தானையில் உன் ஒயின் சிந்திய கறை. சோப்புத் தண்ணீரிலிருந்து அந்தப் புளித்த வாடை எழும்போதெல்லாம் குமட்டுகிறது. வாடை மட்டும்தான் காரணம் என்றால் துவைத்துக் காயப்போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

எனக்கு ஒயின் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தாய். அங்கே பரோசா என்ற ஊரில் நீ வேலை பார்த்த ஒயின் ஆலையில், நீ பதம் பார்த்துப் பறிக்கச் சொன்ன திராட்சையில் செய்தது. ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் உன் அண்ணன் மறித்துக்கொண்டு நின்றான்.

"பெருமாள் இருக்கற அகம் இது. அந்தக் கர்மத்த எடுத்துண்டு உள்ள வராதே."

உன் அம்மா அவனுக்குப் பின்னால் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ பெட்டியை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றித் தந்தாய். ஒரு வாய் குடித்து சிங்க்கில் துப்பினேன். "இருமல் மருந்துல இங்க்கைக் கலந்த மாதிரி இருக்குடி." உனக்குக் கோபம் வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு டம்ளரை முகர்ந்து, "நாவப்பழம் ரொம்பக் கனிஞ்சா வருமே, அந்த வாசனை. கடைசில கொஞ்சம் மிளகு. அங்கயும் நம்ம ஊர் மாதிரி வெயில்தான். கொஞ்சம் அசந்தா சக்கரை ஏறிடும், புளிப்பு செத்துடும். எப்போ பறிக்கணும்னு சொல்றதுதான் என் வேலை" என்றாய்.

அந்த வேலையின் பெயரை உன் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "ஃபுட் சயின்ஸ்ல இருக்கா" என்றார்கள். போன வருஷம் மூளையில் ரத்தம் கசிந்து நீ அங்கேயே இறந்தாய். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார்கள்.

போன வாரம் உன் மன்னி போன் செய்தாள். "அவ நினைவா எல்லாரும் சேர்றோம், நீங்க கட்டாயம் வரணும்." கே.கே. நகரில் உன் அண்ணன் கட்டியிருக்கும் புது வீடு. பூ வாங்கிக்கொண்டு போனேன். அங்கே போட உன் படம் ஒன்றுகூட இல்லை. கூடத்தில் அவனுடைய தொழில் கூட்டாளிகள். நடுமேசையில், உன் சாமான்களோடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பாட்டில்கள்.

"என் தங்கை கையால செஞ்சது சார். காசு குடுத்தாலும் இங்க கிடைக்காது."

ஒருவர் குடித்துவிட்டு முகம் சுளித்தார். உடனே உன் அண்ணன் ஐஸைப் போட்டு, கோலாவை ஊற்றி, மிக்ஸர் எண்ணெய் படிந்த விரலாலேயே கலக்கிக் கொடுத்தான். என்னிடமும் ஒரு கிளாஸை நீட்டினான்.

"இதைக் கொண்டுவந்தாள்னுதானே அவளை வாசலோட திருப்பி அனுப்பினீங்க?" எல்லோர் காதிலும் விழும்படிதான் கேட்டேன்.

அவன் வெட்கப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தான். "அதெல்லாம் பழைய கதைம்மா. இப்ப யார் இதெல்லாம் பாக்கறா?"

நீட்டிய கையைத் தட்டிவிட்டேன். அப்போது பட்ட கறைதான் இது. அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

இன்று காலை உன் அம்மா கூப்பிட்டார். திட்டத்தான் என்று நினைத்தேன். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்லக் கேட்டார்: "அவ பண்ணினது... நன்னா இருந்துதாடி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு அந்த ருசி பிடிபடலை மாமி. ஆனா அவ அதைப் பத்திப் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

"என்ன பேசுவா?"

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில், "யாரோ வரா, வெச்சுடறேன்டி" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்.

நீ போன பிறகும் உன்னைப் பெற்றவள் உன் வேலையைப் பற்றி ஒளிந்துகொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது. கூடத்துச் சிரிப்பைவிட இதுதான் எனக்கு அதிகம் கசக்கிறது. நீ சொன்னதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. நாளை ஸ்ரீரங்கத்துக்குப் போய், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மீதியைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லப்போகிறேன்.